மஞ்சள் போதவில்லையோ?



சென்ற மாதம் செகந்தராபாத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. கோடு போட்ட நோட்டுத் தாளில் இரண்டு பக்கம். கையெழுத்து முதல் பக்கத்தில் நிதானமாகவும் இரண்டாம் பக்கத்தில் அவசரமாகவும் இருந்தது. எழுதியவர் நம் இதழைப் பல ஆண்டுகளாகப் படிக்கும் ஒரு அம்மா. அவருடைய கணவருக்கு நுரையீரலில் புற்றுநோய். பயாப்சி முடிந்து கீமோவுக்குத் தேதியும் குறித்தாயிற்று. அந்த நேரம் பார்த்து உறவினர் ஒருவர் வாட்ஸப்பில் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார். தாவரங்களில் ‘ஃப்ளேவனாய்டு’ என்று ஒன்று இருக்கிறதாம், அது நுரையீரல் புற்றுநோயைக் கரைத்துவிடுமாம், மாத்திரையாகவே கிடைக்கிறதாம். ‘கீமோவை இரண்டு மாதம் தள்ளிப்போட்டு இதைக் கொடுத்துப் பார்க்கலாமா?’ என்று கேட்டிருந்தார்.

அதற்குக் கீழே, தாளின் ஓரத்தில், பின்னால் நினைத்துச் சேர்த்ததுபோல ஒரு வரி: ‘முப்பத்தைந்து வருஷமாக நான்தான் சமைத்துப் போடுகிறேன். எதையோ விட்டுவிட்டேனோ?’

முதல் கேள்விக்கு அன்று மாலையே போனில் பதில் சொன்னேன். “அம்மா, கீமோவை ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீங்க. மாத்திரை விஷயத்தை டாக்டர்கிட்டயே கேளுங்க, மறைக்காதீங்க” என்றேன். இரண்டாவது கேள்விக்குப் போனில் பதில் சொல்ல வரவில்லை. தொண்டை அடைத்துக்கொண்டது. அந்தக் கேள்வி முன்பே ஒருமுறை என் காதில் விழுந்திருக்கிறது, என் வீட்டிலேயே.

என் அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர், சிகரெட்டை விடாதவர். இருமல் வந்தபோது காசநோய் என்று முடிவுகட்டி மாதக்கணக்கில் அதற்கே மாத்திரை கொடுத்தார்கள். நுரையீரலில் இருப்பது வேறு என்று தெரிந்தபோது நோய் முற்றியிருந்தது. அந்த மாதங்களில் அம்மா ஒரு ராத்திரிகூடத் தவறாமல் பாலில் மஞ்சளும் மிளகும் போட்டுக் காய்ச்சிக் கொடுத்தாள். அப்பா போன பிறகு ஒருநாள் அஞ்சறைப்பெட்டியைத் திறந்தவள், மூடாமல் அப்படியே நின்றாள். “மஞ்சள் போதலையோடா?” என்று கேட்டாள். எனக்கு அப்போது சொல்லத் தெரியவில்லை. இந்தப் பக்கத்தை அந்தப் பதிலுக்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஃப்ளேவனாய்டு என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். செடிகொடிகள் தமக்காகச் செய்துகொள்ளும் ஒரு பெரிய குடும்பத்துப் பொருள்கள் இவை. மஞ்சள் நிறத்தைக் குறிக்கும் ‘ஃப்ளாவஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். 6,000க்கும் மேற்பட்டவை கண்டறியப்பட்டிருக்கின்றன. வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து இலையைக் காப்பது, பூவுக்கு நிறம் கொடுத்து வண்டை அழைப்பது, பூஞ்சையை அண்டவிடாமல் செய்வது என்று இவற்றுக்குச் செடியில் பல வேலைகள். வெங்காயத்தில் குவெர்செட்டின், முருங்கைக் கீரையில் குவெர்செட்டினோடு கேம்ஃபெரால், தேயிலையில் கேட்டச்சின், ஆரஞ்சில் ஹெஸ்பெரிடின், நாவல் பழத்தின் கருநீலத்தில் ஆந்தோசயனின். எல்லாம் நாம் தினம் தொடும் பொருள்கள்தாம்.

இந்தத் துறையில் உலகறிந்த ஒரு பெயர் நம்முடையது என்பதை எத்தனை பேர் அறிவோம்? 1900இல் காவிரிக் கரைக் குளித்தலையில் பிறந்த டி.ஆர். சேஷாத்ரி. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ராபர்ட் ராபின்சனிடம் ஆராய்ச்சி செய்தவர். 1930களில் வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழக வேதியியல் துறைக்குத் தலைமையேற்றார். 1949இல் டெல்லிக்குப் போனார். 1960இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. பருத்திப் பூ, மரப்பட்டை என்று கண்ணில் பட்டதிலெல்லாம் இந்த நிறப்பொருள்களைப் பிரித்து, அவற்றின் அமைப்பைக் கண்டு எழுதிக் குவித்தவர். 1940களில் அவரும் அவர் மாணவர் பி. சூரியப்பிரகாச ராவும் ஆராய்ந்த செடிகளில் ஒன்று ஹைபிஸ்கஸ் சப்டாரிஃபா. அதன் பூவிதழ்களிலிருந்து ஹைபிஸ்சிட்ரின் என்ற ஃப்ளேவனாய்டைப் பிரித்தெடுத்தார்கள். பெயரைக் கண்டு மிரள வேண்டாம். ரைத்து பஜாரில் கட்டுக்கட்டாக வாங்கி, எண்ணெய் மிதக்க வதக்கி, சுடுசோற்றில் பிசைந்து சாப்பிடுகிறோமே, அந்தக் கோங்கூரா குடும்பத்துச் செடிதான் அது. நம் ஊர்ப் புளிச்சக்கீரை.

இனி நம் ஹைதராபாத்தின் தார்நாக்காவுக்கு வருவோம். உஸ்மானியா பல்கலைக்கழகத்துக்கு அருகில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வாசலைப் பஸ்ஸில் கடந்துபோகும் நம்மில் பலருக்கு அது எங்கே பிறந்தது என்று தெரியாது. பிறந்த இடம் குன்னூர். 1918இல் அங்கிருந்த பாஸ்டர் நிறுவனத்தின் ஒற்றை அறையில், பெரிபெரி நோயை ஆராய ராபர்ட் மெக்காரிசன் தொடங்கியது. 1958இல் நீலகிரிக் குளிரிலிருந்து இறங்கி ஹைதராபாத் வந்து சேர்ந்தது. இன்றைய பெயர் 1969இல் வந்தது. 1960களில் அதன் இயக்குநரான சி. கோபாலன் சேலத்தில் பிறந்தவர், அதுவும் நிறுவனம் பிறந்த அதே 1918இல். தமிழ் மண்ணிலிருந்து ஹைதராபாத் வந்து வேர்விட்டவர்கள் நாம் மட்டும் இல்லை.

இந்த நிறுவனத்தில் செய்த ஒரு சிறிய ஆய்வு 1992இல் வெளியானது. கல்பகம் பொலாசா, ரகுராம், கிருஷ்ணா என்று சக ஆய்வாளர்களோடு அதைச் செய்தவர்களில் கமலா கிருஷ்ணசாமியும் ஒருவர். பின்னாளில் அதே நிறுவனத்துக்கு இயக்குநராக இருந்தவர். நாள்பட்டுப் புகைக்கும் 16 பேருக்கு ஒரு நாளைக்கு 1.5 கிராம் மஞ்சள்தூள் வீதம் 30 நாள் கொடுத்தார்கள். ஏறக்குறைய அரை டீஸ்பூன். ஒப்பிட்டுப் பார்க்கப் புகைக்காதவர்கள் 6 பேர். எல்லோருடைய சிறுநீரையும் முன்னும் பின்னும் சோதித்தார்கள்.

சிறுநீரில் எதைத் தேடினார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சிகரெட் புகையில் நம் மரபணுவைச் சிதைக்கும் நச்சுகள் பல உண்டு. நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்து, அவற்றில் ஒரு பங்கு சிறுநீரில் வெளியேறும். அவற்றை அளக்க அமெரிக்காவின் பெர்க்லியில் புரூஸ் ஏம்ஸ் 1970களில் ஒரு எளிய வழி கண்டார். ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைத் தானே தயாரித்துக்கொள்ள முடியாதபடி பழுதான ஒரு சால்மொனெல்லா பாக்டீரியாவை எடுத்துக்கொள்வார்கள். ஹிஸ்டிடின் இல்லாத தட்டில் அது பிழைக்காது. ஆனால், மரபணுவைக் குலைக்கும் பொருள் ஒன்று அதன்மேல் பட்டால், அந்தக் குலைவில் சிலவற்றின் பழைய பழுது தற்செயலாகச் சரியாகிவிடும். அவை மட்டும் பிழைத்துத் தட்டில் புள்ளி புள்ளியாகப் பெருகும். புள்ளிகள் கூடக் கூட நச்சு அதிகம் என்று அர்த்தம். புகைப்பவரின் சிறுநீர் பட்டால் தட்டு நிறையப் புள்ளி பூக்கும்.

30 நாள் மஞ்சளுக்குப் பிறகு புகைப்பவர்களின் தட்டில் புள்ளிகள் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தன. புகைக்காதவர்களிடம் மாற்றம் இல்லை. கல்லீரல், சர்க்கரை, கொழுப்பு அளவுகளில் பாதகம் எதுவும் தெரியவில்லை. நம் ஊரில், நம் அஞ்சறைப்பெட்டிப் பொருளை வைத்து, நேர்மையாகச் செய்த ஆய்வு. எனக்கு இதில் உள்ளபடியே பெருமை உண்டு.

அந்தப் பெருமைக்காகவே அதைச் சரியாகப் படிக்க வேண்டும். ஆய்வாளர்கள் அளந்தது சிறுநீரில் வரும் நச்சை. அந்த 16 பேரில் யாருக்கும் புற்றுநோயை அவர்கள் தடுத்துக் காட்டவில்லை, வந்ததைக் குணப்படுத்தியும் காட்டவில்லை. அப்படிச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. நமக்கு வரும் வாட்ஸப் செய்திகளில் இந்த மாதிரி ஆய்வுகள் வால் முளைத்து, கொம்பு முளைத்து வருகின்றன. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மஞ்சளின் முக்கியப் பொருளான கர்குமின் ஃப்ளேவனாய்டு குடும்பத்தைச் சேர்ந்ததே இல்லை. இரண்டுமே பாலிஃபீனால் என்ற பெரிய கூட்டத்தில் அடங்கும், பங்காளிகள் என்று வேண்டுமானால் சொல்லலாம். மாத்திரை விற்பவர்கள் இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு ஒரே பெயர் வைத்துவிடுகிறார்கள்.

ஆய்வகத்துக் கண்ணாடித் தட்டில் ஃப்ளேவனாய்டுகள் புற்றுநோய்ச் செல்களைக் கொல்வது உண்மைதானா? உண்மை. ஏ549 என்று ஒரு செல் வரிசை இருக்கிறது. 58 வயது மனிதர் ஒருவரின் நுரையீரல் கட்டியிலிருந்து 1972இல் எடுத்தது, இன்றும் உலகமெங்கும் ஆய்வகங்களில் வளர்ந்துகொண்டிருக்கிறது. குவெர்செட்டின், அபிஜெனின், லூட்டியோலின் போன்றவற்றை அதன்மேல் ஊற்றினால் செல்கள் பெருகுவதை நிறுத்துகின்றன, சில தாமாகவே மடிகின்றன. ஆனால், தட்டில் ஊற்றும் அளவு நம் ரத்தத்துக்குள் வருவதே இல்லை. வெங்காயத்துக் குவெர்செட்டினைக் குடலும் கல்லீரலும் சேர்ந்து உருமாற்றி, வெளியேற்றத் தோதாக வேறு மூலக்கூறுகளை ஒட்டி அனுப்பிவிடுகின்றன. ரத்தத்தில் மிஞ்சுவது தட்டில் ஊற்றியதில் மிகச் சிறு பங்கு. அதுவும் உருமாறிய வடிவில்.

மஞ்சளுக்கும் இதே கதி. அங்கேதான் என் அம்மா பாலில் போட்ட மிளகு நினைவுக்கு வருகிறது. 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், 2 கிராம் கர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின், அதாவது மிளகின் காரப்பொருள், சேர்த்துக் கொடுத்தபோது ரத்தத்தில் சேரும் கர்குமின் 20 மடங்கு கூடியதைக் கண்டார்கள். அம்மாவுக்கு எந்த ஆய்வும் தெரியாது. அவளுக்கு அவள் அம்மா சொன்னது. அவள் கை சரியாகத்தான் இருந்தது. ஆனால் 20 மடங்கு கூடியும் முற்றிய நோயைக் கரைக்கும் அளவு அந்த டம்ளருக்குள் இல்லை, எந்த அம்மாவின் டம்ளருக்குள்ளும் இருந்திருக்காது.

நோய் வருவதற்கு முன்னால் என்ன என்று கேட்டால் பதில் கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. பின்லாந்தில் 9,959 ஆண்களையும் பெண்களையும் 24 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1997இல் எழுதினார்கள். உணவில் ஃப்ளேவனாய்டு மிகக் குறைவாக இருந்தவர்களோடு ஒப்பிட்டால், மிகுதியாக இருந்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வந்தது ஏறக்குறையப் பாதிதான். அவர்களுக்கு ஆப்பிள்தான் முக்கிய வழி. 2000இல் ஹவாயில், நோயுற்ற 582 பேரையும் நோயற்ற 582 பேரையும் ஒப்பிட்டபோது வெங்காயமும் ஆப்பிளும் நிறையச் சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து குறைவாகத் தெரிந்தது. கவனித்துச் சொன்ன ஆய்வுகள் இவை. காய்கனி நிறையச் சாப்பிடுகிறவர் பொதுவாகவே உடம்பைப் பேணுகிறவராக இருப்பார் என்பதை எவ்வளவு கழித்தாலும் முழுக்கக் கழித்துவிட முடியாது.

‘சாப்பாட்டில் இருந்தால் நல்லது என்றால், மாத்திரையாகக் கொடுத்தால் இன்னும் நல்லதுதானே?’ இந்தக் கேள்விக்கும் அதே பின்லாந்தில் பதில் இருக்கிறது, மனம் கனக்கும் பதில். கேரட், கீரைகளில் உள்ள பீட்டா கரோட்டீனை ஒரு நாளைக்கு 20 மில்லிகிராம் மாத்திரையாகப் புகைப்பழக்கமுள்ள ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மொத்தம் 29,133 பேர் கொண்ட ஆய்வு. 1994இல் முடிவு வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். குறையும் என்று எண்ணித் தொடங்கியது கூட்டிவிட்டது. அமெரிக்காவில் 18,314 பேரோடு நடந்த இன்னொரு ஆய்வில் பீட்டா கரோட்டீனோடு வைட்டமின் ஏவும் கொடுத்தார்கள். அங்கே 28 சதவீதம் அதிகமாக வந்ததால் 1996இல், குறித்த காலத்துக்கு 21 மாதம் முன்பே நிறுத்திவிட்டார்கள். பீட்டா கரோட்டீன் ஃப்ளேவனாய்டு அல்ல. ஆனால், இலையில் நல்லதாக இருப்பது மாத்திரையாக வந்ததும் குணம் மாறலாம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

தெலுங்கு மக்கள் கொண்டாடும் எல்லாப்ரகட சுப்பாராவின் கதையிலும் இது உண்டு. பீமாவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போனவர். அங்கே அவர் குழு ஆராய்ந்த ஃபோலிக் அமிலத்தின் பெயரே இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கீரையில் இருக்கும் அருமையான சத்து, கர்ப்பிணிகளுக்கு அவசியம். பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு அதை நல்லெண்ணத்தோடு கொடுத்தபோது நோய் வேகம் பிடித்தது. உடம்பு விரும்பும் சத்தைக் கட்டியும் விரும்புகிறது. அதைக் கண்டு ஃபார்பர் திகைத்து நின்றுவிடவில்லை. ஃபோலிக் அமிலத்துக்கு எதிராக வேலை செய்யும் பொருளைத் தேடினார். அதைச் செய்து கொடுத்தது சுப்பாராவின் ஆய்வுக் குழு. அமினோப்டெரின் என்ற அந்த மருந்து கொடுத்த 16 குழந்தைகளில் 10 பேருக்குச் சில காலமாவது நோய் தணிந்ததை ஃபார்பர் 1948இல் எழுதினார். கீமோதெரப்பியின் தொடக்கங்களில் ஒன்று அது. அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் மறைந்தார். அந்த அம்மா தன் கணவருக்குத் தள்ளிப்போடலாமா என்று கேட்டாரே, அந்தக் கீமோவுக்கு இப்படியொரு முன்கதை.

ஃப்ளேவனாய்டிலிருந்தே மருந்து செய்ய முடியாதா? முயன்றிருக்கிறார்கள், அதுவும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஒரு மரத்திலிருந்து. வெள்ளகில் மரத்தின் உறவான டைசாக்சிலம் பைநெக்டாரிஃபெரம் என்ற மரத்தின் ரோஹிட்டுகின் என்ற பொருளை 1980களில் மும்பை ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். அதைப் பார்த்து உருவாக்கிய ஃப்ளேவோபிரிடால் என்ற மருந்து, செல் பெருகுவதற்கான விசைகளை அடைக்கக் கூடியது. முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 20 பேருக்கு அதைக் கொடுத்து 2001இல் முடிவை வெளியிட்டார்கள். ஒருவருக்கும் கட்டி சுருங்கவில்லை. ஆராய்ச்சி அதோடு நிற்கவில்லை, ரத்தப் புற்றுநோய்ப் பக்கம் போனது. சேர்த்து வைத்துச் சொன்னால், ஃப்ளேவனாய்டு வழியில் மருந்து தேடுவது வீண் கனவில்லை. ஆனால் இன்றைக்கு அந்த அம்மாவின் கையில் கொடுக்கும்படி ஒன்றும் இல்லை.

சிகிச்சையில் இருப்பவர்கள் வீட்டில் இதைப் படித்தால், தயவுசெய்து ஒன்று செய்யுங்கள். நீங்கள் வாங்கியிருக்கும் மூலிகை மாத்திரை, சாறு, பொடி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அடுத்தமுறை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். நுரையீரல் புற்றுநோய்க்கு எர்லோட்டினிப், ஜெஃபிட்டினிப் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. அவற்றைக் குடலிலும் கல்லீரலிலும் இருக்கும் ஒரு நொதி சிதைத்து அளவாக வைக்கிறது. பம்ளிமாஸும் கிரேப்ஃப்ரூட்டும் அந்த நொதியை அடக்கும். மருந்து ரத்தத்தில் அளவுக்கு மீறித் தேங்கும். பைப்பரின் சேர்த்த மஞ்சள் மாத்திரைகளும் மருந்தின் அளவைக் குழப்பலாம். கெட்டியான கிரீன் டீ சாற்று மாத்திரைகளாலும் மஞ்சள் மாத்திரைகளாலும் கல்லீரல் பாதித்தவர்கள் உண்டு. குழம்பில் போடும் மஞ்சளுக்கும் ரசத்து மிளகுக்கும் இந்தப் பயம் வேண்டாம்.

எல்லோருக்குமாக ஒரு அடுக்களைக் குறிப்பு: வெங்காயம் உரிக்கும்போது வெளித்தோலோடு சதைப்பற்றான இரண்டு அடுக்கைச் சேர்த்து எறியாதீர்கள். குவெர்செட்டின் வெளியடுக்குகளில்தான் அதிகம். நம் உணவில் எதில் எவ்வளவு என்று பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு, தார்நாக்கா நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுப் பொருள்களின் சத்து அட்டவணை இருக்கிறது. 528 உணவுகள், பாலிஃபீனால்களுக்குத் தனிப்பகுதியே உண்டு. முருங்கைக் கீரை, நாவல், நெல்லி, கோங்கூரா எல்லாம் ஆசையாகச் சாப்பிடுங்கள். அதைப்பற்றி இதற்குமேல் நான் சொல்ல என்ன இருக்கிறது, உங்கள் வீட்டில் என்னைவிட நன்றாகச் சமைப்பீர்கள்.

புகைப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. தார்நாக்கா ஆய்வின் அந்த 16 பேரும் மஞ்சள் சாப்பிட்டுக்கொண்டே புகைத்தவர்கள். புள்ளிகள் குறைந்தன, மறையவில்லை. விட நினைத்தால் 1800-11-2356 என்ற எண்ணில் அரசின் இலவச உதவி இருக்கிறது. என் அப்பா காலத்தில் அப்படி ஒரு எண் இல்லை.

செகந்தராபாத் அம்மாவிடம் இரண்டாவது கேள்விக்கான பதிலைப் பத்து நாள் கழித்துச் சொன்னேன். நீங்கள் போட்ட சாப்பாடு அவரை இத்தனை வருடம் காத்தது. இந்த நோய் உங்கள் அடுப்பிலிருந்து வரவில்லை, உங்கள் அடுப்பால் நிறுத்தியிருக்கவும் முடியாது. மறுமுனையில் நெடுநேரம் சத்தமே இல்லை. அழுதார் என்று நினைக்கிறேன். நானும்தான்.

போன வாரம் அவரே அழைத்தார். இரண்டாவது கீமோ முடிந்திருக்கிறது. “நாக்குல ஒண்ணுமே தெரியலைங்கறார் சார். சாம்பார் மண்ணு மாதிரி இருக்காம். கோங்கூரா மட்டும் புளிக்கறது தெரியுதாம். அதையே கேக்கறார்” என்றார். வாயில் புண் இல்லாதவரை கொடுக்கலாம், காரத்தைக் குறைத்து அன்றன்றைக்குப் புதிதாகச் செய்யுங்கள் என்று ஆஸ்பத்திரி டயட்டீஷியன் சொன்னாராம். பேச்சை முடிக்கும் அவசரம் அவர் குரலில் தெரிந்தது. அடுப்பில் கீரை வதங்கிக்கொண்டிருந்தது.

அன்புடன்,
ஆசிரியர்